இளைஞர் உளநலமும் வனவாழ்வுப் பயிற்சியும்

கண்டிப் பிரதேசத்தின் மேட்டுநிலம் எதிலும் நின்று வானந் தெளிந்த காலை வேளையில் நோக்குவோர்க்கு, மடித்த கையின் மூட்டுகளைப் போல் வரிசையாய் எழுந்த மலைத்தொடரொன்று தென்படும். அத்தோற்றங் கண்டே ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர். நாட்டார் தும்பறை மலை என்பர். வத்தேகமையிலிருந்து பன்விலை வழியாகச் செல்லும் பாதை தேயிலைத் தோட்டங்களைக் கடந்து அம்மலையின் அடிவாரத்தை அடைகின்றது. கோம்பானியா என்னும் அதன் முடி 1,906 மீற்றர் உயரமுடையது. 2000 ஆம் ஆண்டிற் பேணல் வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இவ்விடம், 2010 இல் இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. இவ்வாறு வீட்டு வாயிலிலே வனமொன்று நிற்பதனாற்போலும், எம்மவர் சிலரின் உள்ளத்தில் ஓர் எண்ணம் அடிக்கடி எழுகின்றது.

கல்லூரி விழாவையொட்டி நற்பணியொன்று மேற்கொள்ள வேண்டுமெனப் பழைய மாணவர் கூடிப் பேசுமிடத்தெல்லாம் அவ்வெண்ணம் சொல்வடிவம் பெறுகின்றது. பள்ளிக்குச் செல்ல மறுப்போர், கைத்தொலைபேசியை இராப்பகலாய் விட்டகலாதோர், ஐஸ் என வழங்கும் போதைப்பொருளின் வாயிலில் நிற்போர், வீட்டில் எவருடனும் பேசாது கதவடைத்துக் கிடப்போர் ஆகிய இளைஞரை இரண்டு மூன்று கிழமைக்கு மலைக்கு இட்டுச் சென்று, நடையும் குளிரும் உழைப்பும் பழக்கினால் அவர் திருந்திவிடுவர் என்பதே அது. மேனாடுகளில் இதனை வனவாழ்வுச் சிகிச்சை என்பர். எண்ணம் நல்லுள்ளத்திற் பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்முறையாற் பிழைத்தோரும் உளர், மாண்டோரும் உளர். பிழைத்ததற்கும் மாண்டதற்கும் காரணம் யாதெனக் காணாது, பிறர் பெற்ற பிள்ளைகளை மலையேற்றப் புறப்படுதல் தகாது. அக்காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையில் எமது நோக்கம்.

பிள்ளையை வீட்டினின்றும் அகற்றித் திருத்துதல் எம்மவர்க்குப் புதிய முறையன்று. சொற்கேளாத மைந்தனை மாமன் வீட்டிற்கு அனுப்பினோர் எத்தனையோ பேர். தோட்டப் பகுதிகளிற் படிப்பைக் கைவிட்ட பையனைக் கொழும்பிற் கடையொன்றிற் சேர்ப்பித்து, "அங்கே நாலு அடிபட்டு வந்தால் மனுசனாவான்" என்று ஆறுதல் கொள்ளும் வழக்கம் இன்றும் முற்றாய் அற்றுப்போகவில்லை. அவன் மனிதனாய் மீண்டானா, மனமுடைந்து மீண்டானா என்பதை எவரும் கணக்கெடுத்ததில்லை. இராமனும் பாண்டவரும் வனம் புகுந்தன்றோ மேன்மையுற்றனர் எனச் சிலர் புராணம் பேசுவர். இராமனோடு தம்பியும் மனைவியும் சென்றனர். பாண்டவரோடு திரௌபதி சென்றாள். அன்புடையார் உடன்சென்ற வனவாசத்தையும், முன்பின் அறியாதார் கையிற் பிடித்துக்கொடுக்கும் வனவாசத்தையும் ஒரு தராசில் நிறுத்தல் பொருந்தாது.

மலையையும் கடலையும் இளைஞர்க்கு ஆசிரியராக்கிய தற்கால முறைக்கு மூலவராகக் கருதப்படுவோருள் முதன்மையானவர் ஜேர்மனியிற் பிறந்த கேர்ட் ஹான் என்னும் கல்வியாளர். இட்லரை எதிர்த்தமையால் 1933 இற் சிறைப்பட்ட அவர், பின்னர் பிரித்தானியா புகுந்து, 1934 இல் ஸ்கொத்லாந்திற் கோர்டன்ஸ்டன் பாடசாலையை நிறுவினார். 1941 இல் வேல்சு நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரையூரில் அவுட்வார்ட் பவுண்ட் இயக்கத்தின் முதற் பள்ளி தோன்றியது. போர்க்காலத்திற் கப்பல் மூழ்கினாலும் உயிர்ப்படகில் மனந்தளராது இருக்க இளம் மாலுமிகளைப் பழக்குவதே அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. ஹானின் கருத்துகளைத் தழுவி 1956 இல் எடின்பரோக் கோமகன் விருதுத் திட்டம் எழுந்தது. 1953 இல் எவரெஸ்டு ஏறிய குழுவின் தலைவர் ஜோன் ஹன்ற் அதன் முதல் இயக்குநராயினார். அதன்வழி வந்த விருதுத் திட்டம் இலங்கையிலும் நடைபெறுகின்றது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, எமக்கு அயலூராகிய மாத்தளையில், 1912 ஆம் ஆண்டிலே இந்நாட்டின் சாரணர் இயக்கம் தொடங்கியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவை யாவற்றிற்கும் பொதுவான தன்மையொன்றுண்டு. இளைஞன் தானே விரும்பிச் சேர்கின்றான், விரும்பாவிடின் விலகுகின்றான். அவனை நோயாளியென்றோ குற்றவாளியென்றோ எவரும் கருதுவதில்லை. வேறுபாடு தொடங்கியது ஐக்கிய அமெரிக்காவில். 1960களின் பிற்பகுதியில் யூற்றா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகம், படிப்பிற் பின்னடைந்த மாணவரைப் பாலைநிலத்தில் நடத்திச் செல்லும் பயிற்சியொன்றை நடத்தியது. அதிற் பலர் நலம்பெற்றனர். அதனைக் கண்டோர் பின்னாளில் அதனை வணிகமாக்கினர். பெற்றோர் பெருந்தொகை செலுத்துவர். பிள்ளை மறுப்பின், நள்ளிரவில் வலியார் இருவர் வந்து படுக்கையினின்றும் எழுப்பி, வாகனத்திலேற்றிக் கொண்டுசெல்வர். பெற்றோரே அதற்கு ஒப்பமிட்டிருப்பர்.

1990 ஆம் ஆண்டில், இரு மாத காலத்துள், பதினைந்தும் பதினாறும் வயதுடைய இரு பெண்பிள்ளைகள் இரு வேறு பாலைநில முகாம்களில் நடையின்போது உயிரிழந்தனர். ஒருத்தி உடல்நீர் வற்றி மாண்டாள், மற்றவள் வெப்பத் தாக்கினால் மாண்டாள். முன்னவள் தன்னால் இயலவில்லை எனப் பலகால் முறையிட்டும் அது பாசாங்கு எனக் கொள்ளப்பட்டது. 1994 இல் யூற்றாவில் பதினாறு வயதுச் சிறுவனொருவன் ஏறத்தாழ ஒரு மாதம் வயிற்றுநோவால் வருந்தி, உடல் மெலிந்து, நடக்கமாட்டாது விழுந்து விழுந்து எழுந்தான். உடன்சென்றோர் அவன் வேலைக்கு அஞ்சி நடிக்கின்றான் என்றனர். இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது, குடற்புண் துளைபட்டு வயிற்றறை முழுதும் அழற்சி பரவியிருந்தமை தெரியவந்தது.

இம்மரணங்களில் மீண்டும் மீண்டும் வருகின்ற சொல் "நடிக்கிறான்" என்பதே. பாம்பும் பள்ளமும் வெள்ளமும் செய்த கேட்டினும் இச்சொல் செய்த கேடு இம்முகாம்களிற் பெரிது என்று கூறின் மிகையாகாது. முகாமிற்கு வருமுன்னரே அப்பிள்ளை பொய்யன், சோம்பேறி, சூழ்ச்சிக்காரன் என்று அறிமுகஞ் செய்யப்படுகின்றான். அதன்பின் அவன் கூறும் எதுவும் சான்றாக ஏற்கப்படுவதில்லை. தலைசுற்றுகின்றது என்றால் அது அவன் குணக்கேட்டிற்கு மேலுமோர் ஆதாரமாகிவிடுகின்றது. நம்பப்படாத பிள்ளைக்கு நோய்வந்தால் அதனைக் கண்டறியும் வாயில் முதலிலேயே அடைபட்டுவிடுகின்றது.

2007 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் இத்தகைய முகாம்களையும் விடுதிகளையும் பற்றி அறிக்கையொன்று வெளியிட்டது. 1990 முதல் ஆயிரக்கணக்கான துன்புறுத்தல் முறைப்பாடுகள் இருந்தமையையும், 2005 ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர் அத்தகைய சம்பவங்களில் தொடர்புற்றமையையும் அது எடுத்துக்காட்டியது. பத்து மரணங்களைத் தனித்தனியே ஆராய்ந்து, பயிற்சியற்ற ஊழியர், போதா உணவு, கவனக்குறைவான நிருவாகம் ஆகியவற்றை ஏதுக்களாகக் கூறிற்று. அவ்வளவோடு அது தீர்ந்ததா எனின், இல்லை. 2024 பெப்ருவரியில் வட கரோலினா மாநிலத்து முகாமொன்றிற் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் மறுநாட் காலையிலே பிணமாகக் கிடந்தான். முதலிரவில் அவனை வெளியேற முடியாதபடி சிறு உறைக்கூடாரத்துள் உறங்கவைத்திருந்தனர். மூச்சுத் திணறியே இறந்தான் என மருத்துவப் பரிசோதகர் முடிவு செய்தார். அம்முகாமின் உரிமம் அவ்வாண்டிலேயே பறிக்கப்பட்டது. ஆண்டிறுதியில், நிறுவனங்களிற் சிறுவர்க்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் நோக்குடன் நடுவண் அரசின் சட்டமொன்றும் இயற்றப்பட்டது.

இது வெள்ளையர் நாட்டின் குறையென எண்ணி நாம் அமைதிகொள்ள இடமில்லை. ஜப்பானிற் பள்ளிக்குச் செல்ல மறுத்த பிள்ளைகளைப் பாய்க்கப்பலிற் பழக்கித் திருத்துவதாகப் புகழ்பெற்ற தொற்சுகாப் பள்ளியில், 1979 முதல் 1982 வரை இளைஞர் சிலர் இறந்தனர். அதன் தலைவர்க்கு விதிக்கப்பட்ட ஆறாண்டுச் சிறைத்தண்டனையை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2002 இல் உறுதிசெய்தது. அங்கும் பெற்றோரே பணங்கொடுத்துப் பிள்ளைகளை ஒப்படைத்தனர். குருவினிடம் கடுமை இருத்தல் வேண்டும் என்னும் கீழைநாட்டு எண்ணம் அவர்களை நெடுங்காலம் பேசாதிருக்கச் செய்தது.

எமது நாட்டிலும் பாடம் இல்லாமலில்லை. 2011 ஆம் ஆண்டு மே மாதம் முதற்கொண்டு, பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவர் இராணுவ முகாம்களில் மூன்று கிழமைத் தலைமைத்துவப் பயிற்சி பெறவேண்டுமெனப் பணிக்கப்பட்டனர். கண்டியிலிருந்து மகாவலிக் கரைவழியே செல்லின் அடையத்தக்க ரன்தம்பை முகாமிற்குச் சென்ற மாணவியொருவர் நோயுற்று உயிர்நீத்தமை அக்காலத்திற் பெருந்துயரை விளைத்தது. பொலநறுவை மாவட்டத்திற் கந்தக்காட்டிலுள்ள போதைப்பொருட் புனர்வாழ்வு நிலையம் வயது வந்தோர்க்கானதேனும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஊரினின்றும் விலகிய வெளி, உடலுழைப்பு, சீருடையினரின் மேற்பார்வை என்னும் மூன்றையும் கொண்ட அவ்விடத்தில், 2022 யூன் மாத இறுதியில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து பலநூற்றுவர் வேலி கடந்து ஓடினர். அம்மரணந் தொடர்பிற் படையினர் சிலர் கைதுசெய்யப்பட்டனர். தொலைவும் தனிமையும் ஒருவனைத் திருத்துமோ திருத்தாவோ, அவனைக் கண்காணிப்போரைக் கெடுக்கக்கூடும் என்பது திண்ணம். பார்ப்பார் இல்லாத இடத்திற் கை ஓங்குதல் எளிது.

இனி உடல்நலத்தை நோக்குவோம். இங்கு வியத்தற்குரிய செய்தியொன்றுண்டு. வனத்தில் நேரும் கடும் ஆபத்துகள் பலவற்றின் முதற்குறி, நோய்க்குறியாய்த் தோன்றாது குணக்கேடாய்த் தோன்றும். தும்பறை மலையின் மேற்புறத்திற் காற்று ஓயாது வீசும் இடங்கள் பல. மூடுபனியும் மழையும் நாழிகைக்கு நாழிகை மாறி வரும். உறைபனி இல்லாத இந்நாட்டிற் குளிரால் இறப்பரோ எனச் சிலர் நகைப்பர். உடை நனைந்து, காற்றும் வீசி, வயிறும் வெறுமையாயிருப்பின், உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசிற்குக் கீழிறங்க உறைபனி வேண்டுவதில்லை. அவ்வாறு இறங்கத் தொடங்கியவன் முதலிற் சிடுசிடுப்பான், பின்வாங்கி நடப்பான், கால் இடறும், நாக் குழறும், சொன்னதைச் செய்யாது வெறித்து நிற்பான். தலைவன் இதனைப் பிடிவாதம் எனக் கொண்டு, தண்டனையாக இன்னும் நெடுந்தூரம் நடத்துவானாயின் பையன் மடிவான். நடுக்கம் நின்றுவிட்டதைக் கண்டு "தேறிவிட்டான்" என மகிழ்தல் அதனினும் பெரும் பிழை. நடுக்கம் ஓய்தல் உடல் தோற்றுக்கொண்டிருப்பதன் அறிகுறி. மலையடிவாரத்து வெயிலில் வெப்பத் தாக்குற்றவனும் இவ்வாறே சினப்பான், பிதற்றுவான். ஈழைநோயுடையவன் ஏற்றத்தில் அமர்ந்துவிடுவான். மூவரும் புறத்தே "அடங்காத பிள்ளை" போலவே காட்சியளிப்பர்.

ஆகவே முகாமில் ஒரு விதி வேண்டும்: எவனேனும் நோவென்றால், வைத்தியர் மறுக்குங்காறும் அது நோவே. நூறு தடவை பொய் கூறியவன் நூற்றோராவது தடவை கூறினும் அதுவே விதி. நடிப்பவனை நம்பி மலையினின்றும் இறக்குவதால் நேரும் நட்டம் ஒருநாட் பயணம் மாத்திரமே.

மருந்து பற்றியும் சிறிது கூறவேண்டும். பலர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. உளநோய்க்கு மருந்துண்ணும் பிள்ளையை, "மலைக்காற்றே மருந்து" எனச் சொல்லி மாத்திரையை நிறுத்தி அழைத்துச் செல்வோர் உளர். வலிப்பு மருந்தை இருநாள் விட்டவனுக்குப் பாறை விளிம்பில் வலிப்பு வரலாம். லிதியம் உண்பவனுக்கு வியர்வையால் நீரும் உப்பும் குறைந்தால் அம்மருந்து குருதியிற் பெருகி நஞ்சாகும். மனப்பிறழ்விற்குக் கொடுக்கப்படும் மருந்துகள் சில, உடல் தன் வெப்பத்தைத் தணிக்கும் ஆற்றலைக் குறைக்கும். மருந்தளித்த வைத்தியரின் எழுத்துமூல ஆலோசனையின்றி அத்தகையோரை அழைத்துச் செல்லலாகாது. உணவைக் குறைத்துப் பணிவைக் கற்பித்தல் என்னும் கொடிய வழக்கமும் மேற்சொன்ன முகாம்களில் இருந்தது. சுமையுடன் மலையேறும் வளரிளம் பையனுக்கு நாளொன்றுக்கு 3,000 கலோரிக்குக் குறையாத உணவு வேண்டும். சோறு தண்டனைக் கருவியாகின்ற இடத்திற்குப் பிள்ளையை அனுப்புதல் எவ்வாற்றானும் ஒவ்வாது.

அட்டைக்கடியைப் பெரிதாக்கிப் பேசுவோர் பாம்பை மறந்துவிடுகின்றனர். சிங்களத்திற் குணகட்டுவா, பொலொன்தெலிஸ்ஸா என வழங்கும் கூன்மூக்கு விரியன் உலர்ந்த இலைச்சருகில் அதன் நிறமாகவே கிடக்கும். இலங்கையிற் பாம்புக்கடி பலவற்றிற்கு இதுவே காரணம். கடி பெரும்பாலும் வீக்கத்தோடு தீர்ந்துவிடினும், சிற்சிலருக்குச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இந்நாட்டு மருத்துவமனைகளிற் பயன்படும் இந்திய நஞ்சுமுறி மருந்து இதற்குப் பயன்படாது. ஆதலால் இருளில் வெறுங்காலுடன் விறகு பொறுக்க அனுப்புதல், தண்டனையாய்க் கூடாரத்திற்கு வெளியே கிடக்கச் செய்தல் ஆகியவை உயிரோடு விளையாடுதலேயாம். மலைமடிப்புகள் பலவற்றிற் கைத்தொலைபேசி அலை கிட்டாது; 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைப்பதற்கே மேடேறி ஓடவேண்டியிருக்கும். எந்தத் தோட்டத்து வீதிவரை வண்டி வரும், அங்கிருந்து கண்டி மருத்துவமனைக்கு எத்துணை நேரம் செல்லும் என்பதைப் புறப்படுமுன்னர் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளாத குழு, வனத்துறையின் அநுமதிச் சீட்டைக் கையில் வைத்திருந்தும் ஆயத்தமற்ற குழுவே.

உளப் பாதுகாப்பு இதனினும் நுண்ணியது. உடற்காயம் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. நள்ளிரவில் வன்பிடியாய்க் கொண்டுசெல்லப்பட்டோர் பலர், ஆண்டுகள் பல சென்றபின்னும் கதவு தட்டும் ஓசைக்கு நடுங்கி எழுவதாகக் கூறியுள்ளனர். வட்டமாய் அமர்த்தி, ஒவ்வொருவரும் தத்தம் குற்றத்தை எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொள்ள வேண்டும் எனக் கட்டாயப்படுத்துதல் சில முகாம்களிற் சிகிச்சையெனப் போற்றப்பட்டது. அவ்வட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுள் ஒருவன் வீட்டிலே பாலியற் கொடுமைக்கு ஆளாகியவனாயிருக்கலாம். தந்தையின் குடியையும் தாயின் கண்ணீரையும் மறைத்துக் காத்து வருபவனாயிருக்கலாம். மலைநாட்டிலே தாய் வெளிநாட்டிற் பணிப்பெண்ணாயிருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்தம் மறைவைப் பலர்முன் பறித்தெடுத்தல் சிகிச்சையாகாது. தனித்துப் பேசவும் பேசாதிருக்கவும் அவர்க்கு உரிமையுண்டு. வீட்டிற்கு எழுதும் கடிதத்தைத் தலைவர் படித்துத் தணிக்கை செய்யும் முகாமிலே என்ன நடந்தாலும் வெளியுலகம் அறியாது. அங்ஙனம் தணிக்கை செய்யும் இடத்திற்குப் பெற்றோர் வேறெதனையும் விசாரிக்க வேண்டியதில்லை; பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொள்வதே தக்கது.

பிரம்பைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டுள்ளது. சிறுவரைக் கொடுமைப்படுத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்படி 1995 முதற் குற்றமாகும். வகுப்பறையிற் கூடாதது மரத்தடியிலும் கூடாது.

தற்கொலை எண்ணமுடைய பிள்ளைக்கு வனமுகாம் ஏற்றதன்று என்பதையும் வெளிப்படையாய்ச் சொல்லிவிடுதல் நன்று. 1995 ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை மிக்க நாடுகளுள் ஒன்றாயிருந்த இலங்கை, கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததன் பின் பத்தாண்டுகளில் அத்தொகையைப் பாதியளவிற் குறைத்தது. தீங்கிற்கான சாதனத்தை எட்டாதபடி வைத்தலே அதன் நுட்பம். பாறை விளிம்பும் கத்தியும் கயிறும், அயலிலே மரக்கறித் தோட்டத்து மருந்துப் போத்தலும் நிறைந்த இடம் அந்நுட்பத்திற்கு நேர்மாறானது. அத்தகைய பிள்ளைக்குரிய இடம் மருத்துவமனையின் உளமருத்துவப் பிரிவு. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் அதற்கென்றே உள்ளது.

இவ்வளவுங் கேட்டோர், மலையால் நன்மையே இல்லையோ என வினவலாம். உண்டு. டானியல் போவன், ஜேம்ஸ் நீல் என்னும் ஆய்வாளர் இருவர் 2013 இல் இத்துறையின் 197 ஆய்வுகளை ஒருங்குசேர்த்து நோக்கி, நடுத்தரமான நன்மை இருத்தலைக் கண்டனர். அற்புதமன்று, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதுமன்று. தன் கையால் அடுப்பு மூட்டி, தன் காலால் முடியேறி, மற்றவன் சுமையைத் தான் சிறிது வாங்கிச் சுமந்த பையனுக்குத் தன்மேல் ஒரு மதிப்பு உண்டாகின்றது. பரீட்சைப் பெறுபேற்றைக்கொண்டே நிறுக்கப்பட்டு வந்த எமது பிள்ளைகளுக்கு அது கிட்டாத பொருள்.

ஆனால் மற்றுமோர் ஆராய்ச்சியையும் உடன்வைத்து எண்ணவேண்டும். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திற் கேம்பிரிட்ஜ், சமர்வில் என்னும் இரு நகரங்களில் 1939 இல் 506 சிறுவரைத் தெரிந்து, பாதியினர்க்கு ஆலோசனை, மருத்துவம், கோடை முகாம் முதலிய உதவிகள் ஆண்டுக்கணக்கில் அளிக்கப்பட்டன. முப்பதாண்டு கழித்து யோன் மக்கோர்ட் என்னும் அம்மையார் அவர்களைத் தேடிக் கண்டு ஒப்பிட்டபோது, உதவி பெற்றோரே பெறாதோரினும் சில வகைகளில் தாழ்ந்திருந்தனர். பின்னும் நுணுகி ஆராய்ந்ததில், கோடை முகாமிற்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டோரிடத்தே அத்தீங்கு மிகுந்திருந்தமை புலனாயிற்று. நெறிதவறத் தொடங்கிய பையன்களை ஓரிடத்திற் குவித்தால், ஒருவர்க்கொருவர் ஆசிரியராகிவிடுகின்றனர் என்பது ஆய்வாளர் கூறும் விளக்கம். எம்மூரிற் பெற்றோர் "கூட்டாளி சரியில்லை" என்பர். நாமோ அக்கூட்டாளிகளையே தேடித்திரட்டிக் கூடாரம் அடிக்க முற்படுகின்றோம்!

ஆகையால், இடருற்ற பிள்ளைகளுக்கெனத் தனிமுகாம் அமைத்தலை நாம் ஆதரிக்கவில்லை. கல்லூரிச் சாரணர் குழு மலையேறும்போது, அத்தகையான் ஒருவனையோ இருவரையோ, அவர்தம் இசைவோடு, மற்றையோருள் ஒருவராய் அழைத்துச் செல்லலாம். அவன் ஏன் வந்தான் என்பதை ஏனைய பிள்ளைகள் அறியவேண்டுவதில்லை. தலைவரும் வைத்தியரும் அறிந்தாற் போதும். அவனுக்கு நன்கு தெரிந்த ஆசிரியரோ அண்ணனோ ஒருவர் உடன்செல்லல் வேண்டும். பெண்பிள்ளைகள் செல்லின் ஆசிரியையர் இருவராவது இருத்தல் வேண்டும். மூத்தவர் எவரும் பிள்ளையொன்றுடன் தனித்து ஒரு கூடாரத்தில் உறங்கலாகாது. "வீட்டிற்குப் போகவேண்டும்" என்று எந்நேரம் கூறினும் அழைத்துச் செல்ல வாகனம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். திரும்பியவனைக் கோழையென்று எவரும் சொல்லலாகாது. திரும்பலாம் என்று உறுதியாய் அறிந்த பிள்ளையே பெரும்பாலும் திரும்பாது நின்றுவிடுகின்றான். முறைப்பாடு கூறத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்தைப் புறப்படுமுன் பிள்ளைகள் கையிலேயே எழுதிக்கொடுத்தல் வேண்டும். இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கும் தலைவரைத் தெரிவுசெய்யாதிருத்தல் நன்று.

செலவு மிகும் எனச் சங்கத்தார் கூறக்கூடும். மூன்று கிழமைக்கு நாற்பது பேரை அழைத்துச் செல்வதற்குக் கருதிய பணத்தில், மூன்று நாட்களுக்குப் பத்துப் பேரை நல்ல முறையில் அழைத்துச் செல்லலாம் என்பதே எமது விடை.

மலையினின்றும் இறங்கியவுடன் பொறுப்புத் தீர்ந்ததாக எண்ணுதல் பலரிடமும் காணப்படும் வழக்கம். எலிக்காய்ச்சல் ஒன்றிரண்டு கிழமை கழித்தே தலைகாட்டும். 2008 இல் இந்நோய் நாட்டில் 7,000 பேருக்கு மேற் பரவியபோது அயலிலுள்ள மாத்தளை மாவட்டமும் பெரிதும் தாக்குண்டது. உண்ணியாற் பரவும் காய்ச்சலும் அவ்வாறே காலந்தாழ்த்தி வரும். அக்குளிலோ அரையிலோ கரிய பொருக்கொன்று தெரிந்தால் அது பெருந்துப்பு. காய்ச்சலோடு வைத்தியரிடஞ் செல்லும் பிள்ளை, தான் வனத்திலே இருந்ததைச் சொல்லவேண்டும் என்று பெற்றோர்க்கு எழுத்தில் அறிவித்தல் தலைவர் கடன். உள்ளத்திற்கும் இவ்வாறு காலந்தாழ்த்தி வரும் காய்ச்சலுண்டு. மலையிலே மகிழ்ந்திருந்தவன் அதே வீட்டிற்கும் அதே வகுப்பிற்கும் மீண்டபின், இரண்டாங் கிழமையில் முன்னிலும் சோர்வான். அந்நாளில் அவனைத் தேடிச்சென்று தேநீர் அருந்திப் பேசுவதற்கு, உடன் மலையேறிய ஒருவர் இருத்தல் வேண்டும். பயணத் திட்டத்தில் முதல் மூன்று நாட்களுக்கு மாத்திரமன்றி, பின்வரும் ஆறு மாதத்திற்கும் யார் எப்பிள்ளையை எக்கிழமையிற் பார்ப்பார் என்று பெயர் குறித்து எழுதப்பட்ட தாளொன்று இருப்பின், நாமும் எமது வீட்டுப் பிள்ளையை அனுப்பச் சித்தமாயிருக்கின்றோம்.